படத்துக்கு ஒரு முந்தானை

பழைய புகைப்படம் ஒன்றேனும் இல்லாத வீடு நம்மவர்களிடையே இராது. ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் பெட்டியின் அடியில் வைத்து எடுத்துவந்தவை அவை. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் ஒரு குடியிருப்பிலிருந்து மறு குடியிருப்புக்கு நம்மோடு பயணம் செய்தவை. மனிதரைப் போலவே படங்களும் முதுமை எய்துகின்றன. அவற்றில் முதலில் கெடுவது நடுவிலுள்ள முகமன்று, ஓரமே. கை படுவது ஓரத்தில். ஈரம் ஏறுவது ஓரத்தில். செல் அரிக்கத் தொடங்குவதும் ஓரத்திலேதான்.

அத்தகைய படங்களைக் கணிப்பொறியில் ஏற்றி, அவற்றின் ஓரத்தைத் துணியின் ஓரம்போல் அமைக்கும் முறையொன்றை நம் சங்க அன்பர்களுக்கு எழுதலாம் என்று துணிந்தேன். நான் பத்தாம் வகுப்புக்கு மேல் பயின்றவனல்லேன். பகலெல்லாம் சரக்கு ரசீதுகளோடு காலங்கழிக்கும் ரயில்வே குமாஸ்தா. சித்திரமோ புகைப்படக் கலையோ முறையாகக் கற்றதில்லை. இந்த வித்தையில் எனக்கு ஆசானாக வாய்த்தவர் என் அன்னையார். அவரோ கணிப்பொறியை ஒருநாளும் தொட்டவரல்லர். அது எப்படி என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாத்தாவின் வலக்கை

என் அன்னையாரைப் பெற்ற தாத்தா அருப்புக்கோட்டையில் கைத்தறி நெய்தவர். அவருடைய படம் உலகில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன், அன்னையார் சிறுமியாயிருந்தபோது எடுத்தது. மூன்றரை அங்குல அகலமும் இரண்டரை அங்குல உயரமும் உள்ள கறுப்பு வெள்ளைப் படம். சுற்றிலும் வெள்ளை ஓரம். அந்த ஓரம் அலை அலையாக வெட்டப்பட்டிருக்கும். தாத்தா தறிக்குழியில் காலை இறக்கி அமர்ந்து, இடக்கையைப் பலகைமீது வைத்து, வலக்கையால் நாடாவைச் செலுத்தும் கயிற்றைப் பற்றியிருப்பார்.

அதற்கு அடுத்த ஆண்டே தாத்தா காலமானார். அப்போது என் மாமா கைக்குழந்தை. ஆகவே, மாமா தம் தந்தையின் முகத்தை இந்தப் படத்திலன்றி வேறெங்கும் கண்டறியார். படமோ மூத்தவர் என்ற உரிமையில் அன்னையாரிடம் இருந்தது. அவரோடு நாகபுரிக்கும் வந்து சேர்ந்தது.

சென்ற ஆண்டு மாமா ஊரில் புது வீடு கட்டினார். புதுமனை புகுவிழாவன்று தந்தையின் படத்தைக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. படத்தைப் பெரிதாக்கி அனுப்பும்படி எழுதியிருந்தார். நாங்கள் தகரப் பெட்டியைத் திறந்தோம். மழைக்காலத்து ஈரத்தில் பெட்டியினுள் செல் ஏறியிருந்தது. படத்தின் வலப்பக்கத்தில் அரையங்குலம்வரை தின்றுவிட்டிருந்தது. முகத்துக்கு ஊறில்லை, தறிக்கும் ஊறில்லை. தாத்தாவின் வலக்கை மட்டும் மணிக்கட்டோடு போயிற்று. அன்னையார் ஒன்றும் பேசவில்லை. படத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அலுவலகத் தோழர் ஒருவர், "இதற்கா கவலைப்படுகிறீர்? ஒரு நொடியில் கையை வரவழைத்துத் தருகிறேன்" என்றார். இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு என்றொன்று வந்திருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். அதனிடம் குறைபட்ட படத்தைக் கொடுத்தால், தான் முன்பு கற்ற எண்ணிறந்த படங்களின் பழக்கத்தைக் கொண்டு, இவ்விடத்தில் இன்னது இருந்திருக்கலாம் என்று கணித்து வரைந்துவிடும். தோழரின் கைபேசியில் தாத்தாவுக்கு அழகான கை முளைத்தது. ஐந்து விரல்களும் நேராக, வழுவழுப்பாக இருந்தன. நான் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு ஓடினேன்.

அன்னையார் கண்ணாடியை அணிந்துகொண்டு பார்த்தார்.

"இது யாரு கை?" என்று கேட்டார்.

"தாத்தாவின் கைதான், அம்மா. கணிப்பொறி வரைந்தது."

"எங்கப்பா சுண்டுவிரல் நீளாது. சின்ன வயசுல ஒடிஞ்சு கோணலாவே கூடிருச்சு. இதைத் தம்பிகிட்ட குடுத்தா, அவன் கடைசிவரைக்கும் இதையே அப்பா கைன்னு நெனச்சுக்குவான். கை போச்சுன்னா போகட்டும். இல்லாததை எழுதாதே."

அதற்கு மேல் நான் என்ன சொல்வது? தோழரின் படத்தை அழித்தேன். ஆனால் செல்லரித்த ஓரத்தை அப்படியே பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டவும் மனம் ஒப்பவில்லை. பொய்யும் கூடாது, அலங்கோலமும் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே வழி உண்டா என்று தேடினேன்.

எலி கடித்த வேட்டி

என்னிடம் பழைய கணிப்பொறி ஒன்று உண்டு. அதில் 'கிம்ப்' என்னும் மென்பொருளை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற மாணவர் இருவர் 1995-ஆம் ஆண்டு தொடங்கி, 1996-இல் உலகத்துக்கு வழங்கியது அது. பின்னர்ப் பல நாட்டு அன்பர்கள் அதை வளர்த்து வருகின்றனர். அதன் மூன்றாம் பதிப்பு 2025-இல் வெளிவந்தது. படங்களைத் திருத்துவதற்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் அதில் உண்டு. விலையோ ஒரு காசுமில்லை. நம்போன்ற குடும்பத்தார்க்கு இதனினும் உகந்தது வேறென்ன?

அம்மென்பொருளில் 'ஃபஸி பார்டர்' என்றொரு ஏவல் உண்டு. அதை அழுத்தினால் படத்தின் நான்கு ஓரங்களும் தாறுமாறாகச் சிதைந்து பிசிறாகும். 'அப்ளை கான்வாஸ்' என்று மற்றொன்று; அது படம் முழுவதையும் முரட்டுத் துணியில் தீட்டியதுபோல் ஆக்கும். இரண்டையும் அழுத்தினேன். செல்லரித்த ஓரம் மறைந்தது. நான்கு பக்கமும் ஒன்றுபோல் கிழிந்த துணியாயிற்று என்று பெருமிதத்தோடு அன்னையாரிடம் காட்டினேன்.

"என்னப்பா இது, எலி கடிச்ச வேட்டி மாதிரி இருக்கு? துணி இப்படியா பிரியும்? முகத்துல எல்லாம் வேர்க்குரு போட்டுவிட்டிருக்கியே!"

நெசவாளியின் மகள் சொன்ன தீர்ப்பு அது. பின்னர் அவர் உள்ளே சென்று கிழிந்த பழந்துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கிழிந்த பக்கத்திலிருந்து குறுக்கு நூல்களை ஒவ்வொன்றாக உருவினார். கிழிசலின் கோணல் சிறிது சிறிதாக மறைந்தது. நேர்கோடு ஒன்று தோன்றிற்று. அக்கோட்டுக்கு வெளியே நெடுக்கு நூல்கள் குஞ்சமாகத் தொங்கின.

"பார்த்துக்கோ. ஊடையை உருவினா பாவு குஞ்சமா நிக்கும். நூல் நேராத்தான் நிக்கும். நீளந்தான் முன்னப்பின்ன இருக்கும். பக்கத்துக் கரையை இழுத்துப் பார், பிரியாது."

ஓரத்தின் இலக்கணம்

அன்று நான் கற்ற பாடத்தைச் சுருக்கிக் கூறுகிறேன். தறியில் நெடுக்காக ஓடுவது பாவு. குறுக்காக ஓடுவது ஊடை. ஊடை நூல் ஒரு பக்கத்தை அடைந்ததும் கடைசிப் பாவு நூலைச் சுற்றித் திரும்பிவிடுகிறது. ஆதலால், துணியின் இரு பக்கங்களும் கட்டுண்டு நிற்கின்றன, அவை பிரிவதில்லை. அவையே கரை. துணியின் தலைப்பும் முடிவுமாகிய மற்ற இரண்டிடங்களில் பாவு நூல்கள் அறுபட்டு நிற்கின்றன. அங்கு அவற்றைத் தடுத்து நிறுத்த ஊடை இல்லை. ஆதலால் அங்குதான் குஞ்சம் உண்டாகிறது.

ஆகவே, நான்கு ஓரமும் ஒன்றுபோல் பிசிறும் துணி எந்தத் தறியிலிருந்தும் இறங்குவதில்லை. இரண்டு ஓரம் அடங்கி நிற்கும். இரண்டு ஓரம் அவிழ்ந்து நிற்கும். அவிழ்ந்த நூல்களும் ஒரே திசையில் ஓடும். இந்த ஒழுங்கு இருந்தால் கண் அதைத் துணி என்று உடனே ஒப்புக்கொள்ளும். ஒழுங்கு பிசகினால், எத்தனை கருவிகளைக் கொண்டு அலங்கரித்தாலும் அது எலி கடித்ததாகவே தோன்றும்.

புகைப்படத்துக்குத் துணியின் ஓரம் எதற்கு என்று சில அன்பர்கள் வினவலாம். அவ்விரண்டுக்கும் பழைய உறவு உண்டு. முற்காலத்தில் கந்தைத் துணிகளை இடித்துக் கூழாக்கியே மேனாட்டார் காகிதம் செய்தனர். கூழை அள்ளும் சல்லடைமீது மரச்சட்டம் ஒன்றை வைப்பர். சட்டத்தின் அடியில் கசியும் கூழ் மெல்லிய பிசிறாகக் காயும். கைக்காகிதத்தின் ஓரம் சீரின்றி இருப்பதன் காரணம் இதுவே. பிற்காலத்தில் அந்த ஓரமே அழகெனக் கருதப்பட்டது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் புகைப்படங்களின் ஓரத்தை அலை அலையாக வெட்டியது அதன் சாயலில்தான். தாத்தாவின் படத்து ஓரமும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததே.

நமக்கு அண்மையிலுள்ள வார்தாவில், அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் 1934-இல் தோன்றியபோது, கைக்காகிதத் தொழிலையும் அது போற்றி வளர்த்தது. அச்சங்கத்தை முன்னின்று நடத்தியவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா என்பது இங்கு வாழும் தமிழர் நினைவில் இருத்தத்தக்கது.

செய்முறை

இனி, அன்னையாரின் பாடத்தைக் கணிப்பொறியில் நிறைவேற்றிய விதத்தைக் கூறுகிறேன். முதலில், படத்தை ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் பதிவு செய்தேன். மூன்றரை அங்குலம் 2100 புள்ளிகளாகவும் இரண்டரை அங்குலம் 1500 புள்ளிகளாகவும் அமைந்தன. அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். ஆகையால் படத்தை இரு மடங்கு பெரிதாக்கி ஏழு அங்குலத்துக்கு ஐந்து அங்குலமாக அச்சிடலாம். ஸ்கேன் செய்த மூலத்தைத் தனியே காப்பாற்றி, அதன் படி ஒன்றின்மீதே வேலை தொடங்கினேன். மூலத்தில் கை வைப்பது எக்காலத்தும் கூடாது.

அடுத்து, 'கான்வாஸ் சைஸ்' என்னும் ஏவலால் படத்தைச் சுற்றி 200 புள்ளி அளவு இடம் விட்டேன். படத்தின் கீழே புதிய படலம் ஒன்றை அமைத்து, அதற்கு வெளிறிய பழுப்பு நிறம் பூசினேன். பின்னர்ப் படத்துக்கு 'லேயர் மாஸ்க்' என்னும் முகமூடியை இட்டேன். இம்முகமூடியின் இயல்பு எளிது. அதில் வெள்ளையாக உள்ள இடத்தில் படம் தெரியும். கறுப்பாக உள்ள இடத்தில் படம் மறையும். படத்தின் எந்தப் பகுதியும் அழிவதில்லை. பிழை நேர்ந்தால் கறுப்பை வெள்ளையாக்கி மீட்டுக்கொள்ளலாம்.

இனிக் குஞ்சம். தாத்தாவின் படத்தில் வலப்பக்கமே செல்லரித்தது. ஆதலால், புடவையை விரித்தாற்போல் பாவு இடமிருந்து வலமாக ஓடுவதாகக் கொண்டேன். மேலும் கீழும் கரை. இடமும் வலமும் தலைப்பு. நூல் செய்வதற்காகப் புதிய கோப்பு ஒன்றைத் திறந்தேன். அதன் அகலம் ஒரே ஒரு புள்ளி. உயரம் 375 புள்ளி. அதற்கு நடுத்தரச் சாம்பல் நிறம் பூசி, 'ஆர்.ஜி.பி. நாய்ஸ்' என்னும் ஏவலை, நிறங்கள் தனித்தனியே மாறாதபடி குறியை நீக்கிவிட்டு, இயக்கினேன். சில புள்ளிகள் வெளிறின; சில கறுத்தன. 'ஸ்ட்ரெச் கான்ட்ராஸ்ட்' என்னும் ஏவலால் அந்த வேறுபாட்டை மிகுவித்தேன். பின்னர் 'ஸ்கேல் இமேஜ்' என்னும் ஏவலில், அகலத்தையும் உயரத்தையும் பிணைத்திருக்கும் சங்கிலிக் குறியை அகற்றி, 300-க்கு 1500 என்று பெரிதாக்கினேன். ஒற்றைப் புள்ளிகளெல்லாம் பக்கவாட்டில் நீண்டு நூல் நூலாக நின்றன. ஊரில் தெருவில் பாவு விரிப்பதைக் கண்டவர்களுக்கு அக்காட்சி புதிதாயிராது.

ஆனால் நூல்கள் யாவும் ஒரே நீளமாக இருந்தன. அதற்குப் பரிகாரமாக, அதன்மேல் மற்றொரு படலம் அமைத்து, இடப்பக்கம் வெள்ளையில் தொடங்கி வலப்பக்கம் கறுப்பில் முடியும் சாயலை இட்டேன். அப்படலத்தின் அடர்த்தியைப் பாதியாக்கி, இரண்டையும் ஒன்றாக இணைத்தேன். பின் 'திரெஷோல்ட்' என்னும் ஏவலை நடு அளவில் வைத்து இயக்கினேன். அதன்படி, வெளிர்ந்த நூல்கள் தொலைவுவரை ஓடின. கறுத்த நூல்கள் விரைவில் நின்றன. 'நூல் நேராத்தான் நிக்கும். நீளந்தான் முன்னப்பின்ன இருக்கும்' என்ற சொல் அப்படியே பலித்தது. நூலின் விளிம்பு கூர்மையாக இராதபடி ஒரு புள்ளி அளவுக்கு 'காஸியன் பிளர்' கொடுத்து மங்கலாக்கினேன்.

இதைப் படியெடுத்து, முகமூடியின் வலப்பக்கத்தில் ஒட்டினேன். குஞ்சம் தொடங்கும் இடம் செல் மிக ஆழமாகத் தின்ற இடத்தோடு பொருந்துமாறு பார்த்துக்கொண்டேன். அதற்கு வெளியே செல் தின்ற பகுதிகளையெல்லாம் கறுப்புத் தூரிகையால் மறைத்தேன். படம் எஞ்சியிருந்த இடங்களில் மட்டும் நூல்கள் நீண்டன. அவற்றில் தாத்தாவின் முழங்கையும் தறியின் சட்டமும் இழை இழையாகத் தெரிந்தன. இடப்பக்கத்துக்கு அதே குஞ்சத்தை வலம் இடமாகப் புரட்டி, 60 புள்ளி அளவுக்குச் சுருக்கி வைத்தேன். அங்கே பழைய படத்தின் வெள்ளை ஓரமே பருத்தி நூலாயிற்று. மேலும் கீழும் ஒன்றுமே செய்யவில்லை. அலை வெட்டை மட்டும் நேராக்கினேன். கரை அடங்கி நிற்பதே அழகு.

இறுதியாக நிழல். படத்தின் படலத்தை இன்னொரு படி எடுத்து, அப்படியில் 'அப்ளை லேயர் மாஸ்க்' என்பதால் முகமூடியை நிலைபெறச் செய்து, 'டிராப் ஷேடோ' என்னும் ஏவலை இயக்கினேன். வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் நான்கு புள்ளி. அதற்கு மேல் வேண்டா. நிழல் மிகுந்தால் துணி அட்டையாகிவிடும். படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிழல் விழவேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க. முகத்தின்மீது துணியின் கோடுகளை ஏற்ற வேண்டாம். ஓரம் துணியாயிருந்தால் போதும். முகம் முகமாகவே இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் 'டிஃப்' அல்லது 'பி.என்.ஜி.' வகையில் சேமிப்பது நன்று. 'ஜேபெக்' வகை, ஒளி ஊடுருவும் பகுதிகளைக் காப்பாற்றாது. வாட்ஸ்அப் வழியே அனுப்புவோர் அதைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புக. படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு நூலெல்லாம் குழம்பிவிடும்.

தொலைபேசியில் வந்த கேள்வி

அச்சிட்ட படத்தை அன்னையாரிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். ஓரத்தின்மீது விரலை ஓட்டினார். வழுவழுப்பான காகிதமே விரலில் பட்டது. "இது துணி" என்றார். பின் மேலே ஓரிடத்தைச் சுட்டி, "இந்த ஒரு நூல் மட்டும் குறுக்கால போகுது, பாரு" என்றார். உண்மையே. தூரிகை வழுக்கிய இடம் அது. அன்றிரவே அதைத் திருத்தி மறுபடியும் அச்சிட்டேன்.

புதுமனை புகுவிழாவுக்கு எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. படம் மட்டும் ஊருக்குப் போயிற்று. அன்று மாலை மாமா தொலைபேசியில் அழைத்தார். அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, சற்றுப் பொறுத்து, "அப்பாவோட வலது கை எங்கக்கா? நூலோட நின்னுபோச்சே" என்று கேட்டார்.

அன்னையார் சொல்லத் தொடங்கினார். செல்லரித்ததைச் சொன்னார். பிறகு அந்தக் கையைப் பற்றிச் சொன்னார். சுண்டுவிரல் ஒடிந்த கதை, அது கோணலாகக் கூடிய கதை, அக்கோணல் விரலோடு கயிற்றைப் பற்றித் தாத்தா நெய்த விதம், சோறு பிசையும்போது அந்த விரல் தனியே நிற்கும் காட்சி, அவ்விரலைப் பிடித்துக்கொண்டு தாம் கடைத்தெருவுக்குப் போனது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு மணி நேரம் கழிந்தது. அறுபது வயதை எட்டிய மாமா அவற்றுள் ஒன்றையும் அதுவரை கேட்டவரில்லை.

நான் அருகில் அமர்ந்திருந்தேன். செயற்கையாக முளைத்த அந்த அழகிய கையை அனுப்பியிருந்தால் மாமா இக்கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார். படம் முழுமையாயிருந்திருக்கும், கோணல் விரலின் கதை அன்னையாரோடு நின்றிருக்கும்.

ஆகவே அன்பர்களே, உங்கள் பெட்டியிலுள்ள படங்களை இந்த மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். ஸ்கேன் செய்து இரண்டிடங்களில் காப்பாற்றுங்கள். ஓரம் கெட்டிருந்தால் அதற்கு ஒரு முந்தானை நெய்யலாம். ஞாயிறு மாலைகளில் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தால் என்னால் இயன்ற உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன். ஆனால் படத்தை என்னிடம் கொண்டுவருமுன், வீட்டிலுள்ள பெரியவரிடம் ஒரு முறை காட்டி, அந்த ஓரத்தில் என்ன இருந்தது என்று கேட்டு வாருங்கள்.